கிணற்றை ஆழப்படுத்துமுன் ஏரியைப் பாருங்கள்

ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டால், மாசி பங்குனியில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி ஊருக்குள் வந்துவிடுகிறது. ஒருவர் 400 அடிக்குப் போடுகிறார். அடுத்த கோடையில் பக்கத்து நிலத்துக்காரர் 600 அடிக்குப் போகிறார். முதலில் போட்டவரின் கிணறு வற்றுகிறது. அவர் வீட்டு நகையை அடகு வைத்து 800 அடிக்கு முயல்கிறார். கோவை மாவட்டத்தில் ஆயிரம் அடியைத் தாண்டிய கிணறுகளும் உண்டு. இந்தப் போட்டியில் முதலில் தோற்பவர் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிதான். இன்னொரு முறை துளை போட அவரிடம் பணம் இருப்பதில்லை. வாங்கிய கடன் மட்டும் நிற்கிறது.

நீடித்த வேளாண்மை, இயற்கை வளப் பாதுகாப்பு என்று கூட்டங்களில் பேசப்படும்போது, அது ஏதோ புதிய விஞ்ஞானம் போல விவசாயிகளுக்குத் தோன்றலாம். ஆனால் அது கொடுக்கல் வாங்கல் தெரிந்த எவருக்கும் விளங்கும் கணக்கே. வட்டியைச் செலவிடலாம், முதலைத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் மழையால் நிலத்துக்குள் ஊறுவது வட்டி. பாறை இடுக்குகளில் நெடுங்காலமாகச் சேர்ந்து நிற்கும் நீர் முதல். இன்று பல ஊர்களில் முதலுக்கே மோசம் வந்திருக்கிறது.

வட்டி எவ்வளவு?

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. வேலூர், திருவண்ணாமலை, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களில் பெரும்பகுதி இத்தகையதே. இங்கே தண்ணீர் மேல் அடுக்கிலுள்ள சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழேயுள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். பெய்யும் மழையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போய்ச் சேரும்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்று கொண்டால் 36 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 3 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். ஓர் ஏக்கர் நிலம் ஆண்டுக்கு ஈட்டும் வட்டி இவ்வளவே. ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு 18 லட்சம் லிட்டர்.

இனிச் செலவைப் பார்க்கலாம். நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை. ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர்! இதில் ஒரு பகுதியை மழை தரும். வயலில் ஊறுவதில் ஓரளவு திரும்பக் கிடைக்கும். பாதியைக் கழித்துவிட்டாலும், கிணற்று நீரில் ஓர் ஏக்கர் நெல் விளைய, ஆறேழு ஏக்கரில் ஊறிய நீர் வேண்டியிருக்கிறது. அந்த ஆறேழு ஏக்கரும் ஒருவருடையது அல்ல. சுற்றிலுமுள்ள நாலைந்து பேருடையது. கரும்புக்குத் தேவை சுமார் 2,000 மில்லிமீட்டர். நிலக்கடலைக்கு 500 போதும். உளுந்து 300-க்குள் முடிந்துவிடும்.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. சிறு விவசாயிகளுக்கு 1984-லும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் வழங்கப்பட்ட இந்தச் சலுகை பல குடும்பங்களைக் காப்பாற்றியது. அதைக் குறை கூறத் தேவையில்லை. ஆனால் மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரும் இலவசம் என்று எண்ணியதுதான் பிழை.

ஏரியும் கிணறும் ஒன்றே

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏரிப் பாசனம் சுமார் 9 லட்சம் ஹெக்டேரில் நடந்தது. பிறகு அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்தைக் கிணறு பிடித்துக்கொண்டது.

கிணறு வந்ததும் வசதியுள்ளவர்கள் ஏரியை மறந்தார்கள். மடை திறக்கும் நாளை எதிர்பார்த்து நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. வரத்துக் கால் வெட்ட ஆள் அனுப்புவது நின்றது. சீமைக் கருவேல் முளைத்தது. கால்வாயின் அகலம் ஆண்டுக்கு ஒரு முழமாகப் பக்கத்து வயல்களில் சேர்ந்தது. மழை பெய்தும் ஏரி நிரம்பாத நிலை வந்தது. பின்னர்தான் ஒரு விஷயம் தெரிந்தது: ஏரியில் நாலு மாதம் நீர் நின்றதால்தான் ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊற்று இருந்தது. ஏரி வறண்டதும் கிணறும் வறண்டது. கிணறு இல்லாதவர் முன்பே நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தார்; இப்போது கிணறு உள்ளவரும் அவரோடு சேர்ந்தார்.

பொதுச் சொத்துக்கு ஒழுங்கு வேண்டும்

ஏரியைப் பராமரிக்க அந்நாளில் குடிமராமத்து இருந்தது. நில அளவுக்கு ஏற்ப ஒவ்வொருவரும் ஆள் கொடுத்தார்கள். நீர்க்கட்டி முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார். 1858-ல் இதற்காகச் சட்டமே வந்தது. அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று கூற முடியாது. மண் சுமந்தவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அந்த அநியாயம் திரும்ப வேண்டியதில்லை. கூலி கொடுத்தே வேலை நடக்கலாம். திரும்ப வேண்டியது, அனுபவிப்பவர் அனைவரும் பங்கு செலுத்த வேண்டும் என்ற ஒழுங்கு மட்டுமே.

சட்டங்களுக்கும் பஞ்சமில்லை. விவசாயிகள் பாசன அமைப்புகளை நிர்வகிக்க 2000-லும், ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2017-ல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் கரையைப் பலப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் வேலை. இரண்டு மைல் தூரத்து வரத்துக் காலைச் சீர்செய்வது தெரியாத வேலை. ஏரியை நிரப்புவதோ இரண்டாவதுதான். ஆக்கிரமிப்பாளர் உள்ளூர்க்காரராகவும் உறவினராகவும் இருப்பதால் வாய் திறக்க எல்லோரும் தயங்குகிறார்கள். அதிகாரி வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் கால்வாய் இருந்த தடமே மறைந்துவிடும்.

மகாராஷ்டிர மாநிலம் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் ஹிவரே பஜார் என்ற சிறு கிராமம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மழையில் பாதியளவுகூட அங்கே இல்லை. 1990-ஐ ஒட்டி அந்த ஊரார் குன்றுகளில் வரப்பும் தடுப்பும் அமைத்து மழைநீரை நிறுத்தினார்கள். அதோடு நிற்கவில்லை. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று கிராம சபையில் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, அதற்கேற்ற பயிரைத் தீர்மானிக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாமல் தடுப்பணை மட்டும் கட்டியிருந்தால், ஊறிய நீரை நாலு பெரிய மோட்டார்கள் குடித்திருக்கும்.

வண்டல் வயலுக்கு

ஏரியைத் தூர் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மேட்டு நிலங்களிலிருந்து மழை அரித்து வந்த நல்ல மண்தான் வண்டல். செம்மண், மணல் சாரி நிலங்களில் அதைப் பரப்பினால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும், சத்தும் சேரும். விவசாய உபயோகத்துக்கு வண்டல் எடுக்கக் கட்டணம் இல்லை. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் எடுக்கலாம்.

எடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் அடி பலவீனப்படும். ஓரிடத்தில் பள்ளம் பறித்தால், மடை மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்கு ஏறாது. ஆகவே பரவலாக, மேலாக எடுப்பதே முறை. உப்பு, களர்த்தன்மை இல்லையா என்று மண் பரிசோதனை செய்துகொள்வதும் நல்லது.

செய்ய வேண்டியது

அடுத்த துளைக்கு லாரியை அழைக்குமுன், ஆயக்கட்டு விவசாயிகள் பத்துப் பேராவது கூடி, கலிங்கிலிருந்து வரத்துக் காலின் தலைப்பு வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அடைப்பு எங்கே, ஆக்கிரமிப்பு எங்கே என்று குறித்துக் கிராம சபையில் எழுத்து மூலம் பதிவு செய்ய வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களுக்குள் கால்வாயைச் சுத்தம் செய்துவிட வேண்டும். கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதி வர வேண்டும். மார்கழியில் அந்தக் கணக்கைப் பார்த்து, நெல்லா, கடலையா, உளுந்தா என்பதைச் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஆகும் செலவு லட்சத்தைத் தாண்டுகிறது. அதை நாலு பேர் தனித்தனியே பூமிக்குள் போடுவதைவிட, அதில் ஒரு பங்கை வரத்துக் காலில் போடுவது புத்திசாலித்தனம். துளையில் தண்ணீர் வரலாம், வராமலும் போகலாம். சீரான வரத்துக் காலோ, பெய்கிற மழையை வீணாக்காமல் ஏரியில் கொண்டுவந்து சேர்க்கும்.