தூசு தட்ட ஆள் தேவை

வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது பெற்றோர்களின் பழைய கேள்வி. வேலை ஏராளமாக இருக்கிறது. செய்யத்தான் ஆளில்லை.

2022 டிசம்பரில் தில்லியில் நடந்த பயிலரங்கு ஒன்றில் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநர் ஒரு தகவலை வெளியிட்டார். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் காப்பகத்தில் இல்லை. பசுமைப் புரட்சி பற்றியவையும் இல்லை. அமைச்சகங்கள் அனுப்பினால்தானே இருக்கும்? இத்தனைக்கும் 1891இல் கல்கத்தாவில் பிறந்து தில்லிக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது.

சட்டத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் ஆவண அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். 25 ஆண்டுகளைத் தாண்டிய ஃபைல்களில் எதைப் பாதுகாப்பது என்பதைக் காப்பகத்தோடு கலந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம். ஆனால் யாராவது முதலில் கட்டைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டுமே.

வரலாற்று மாணவர்கள் கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். புதிய கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த நெறிமுறைகளின்படி, இளநிலை மாணவர்கள் நான்காவது செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். ரகசிய ஃபைல்களை அவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. எதை அழிப்பது என்ற முடிவும் அவர்களுடையதல்ல. துருப்பிடித்த குண்டூசியை அகற்றுவது, தேதியும் பொருளும் குறிப்பது, நொறுங்கும் தாளைத் தனியே வைப்பது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்யலாம். குமாஸ்தாவின் குறிப்பு அமைச்சரின் கையெழுத்தாக மாறும் பாதையை எந்தப் பாடநூலும் இப்படிக் காட்டாது.

சிக்கல் காசில் இருக்கிறது. பீகார் கிராமத்து மாணவி ஒருத்தி தில்லியில் ஒரு மாதம் தங்கிச் சாப்பிட யார் பணம் தருவார்கள்? சம்பளமில்லாப் பயிற்சி என்றால் தில்லியில் வீடுள்ளவர்களுக்கு மட்டுமே வரலாறு திறக்கும். 2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம், பெரிய கம்பெனிகளில் சேரும் இளைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தர முன்வந்தது. கம்பெனிகளுக்கு உதவும் கை, தன் வீட்டு ஃபைல் அறையைத் திறக்கவும் நீளலாம்.

கரையானுக்கு உதவித்தொகை தேவையில்லை. அது விடுப்பும் எடுப்பதில்லை.