லட்சுமிகாந்தன் துணிச்சல்காரரா?

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்தார் லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ இதழ்களில் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை விற்றவர். அவரைத் துணிச்சலான பத்திரிகையாளர் என்று சொல்வோர் இன்றும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான என்னால் அதை ஏற்க முடியவில்லை. தன் ஆசையைத் தானே வாய்விட்டுப் பாடிய ஆண்டாளின் ஊர் இது, துணிச்சல் அதுதான். ஒருத்தியின் படுக்கையறையை அவளைக் கேளாமல் அச்சடித்துக் காசாக்குவது வேறு. கொலை அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற நடிகர்கள் பாகவதரும் கலைவாணரும் 1947இல் விடுதலையானார்கள்; அவர்கள் பட்ட பாட்டை நாம் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறோம். அந்த இதழ்களில் அவதூறுக்கு ஆளான நடிகைகள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று யார் எழுதினார்கள்?