பிழை காணும் கல்வி

தமிழாசிரியனுக்குக் கணினிப் படவரைதலில் என்ன அலுவல் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் வினவக்கூடும். பிழை காண்டலும் திருத்தலும் எமது தொழில். அத்தொழிலின் அருமையை அண்மையிற் கணினிக் கூடத்திலே கண்டேன்; அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

மேற்பார்வைக்காக அங்கு அமர்ந்திருந்தபோது, தொழினுட்பப் பிரிவு மாணவனொருவன் ஓட்டோகாட் மென்பொருளில் வீட்டுப்படமொன்றை வரையும் கட்டளைக் கோவையை இயக்கினான். முதல்நாள் செவ்வனே வரைந்த கோவை, அன்று ஒரு சுவரை அயற்சுவரின் மூலையிலே கொண்டுபோய் முடித்தது. "கணினி பழுது, சேர்" என்றான். கோவையை அழித்து மீண்டும் எழுதினான், பிழை அகலவில்லை. அவ்வேளை அங்கு வந்திருந்த படவரைஞராகிய பழைய மாணவரொருவர் கோவையைத் தொடவில்லை. "நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேற்றுமை?" என்று மட்டும் கேட்டார். நேற்றுப் படம் திரையிற் பெரிதாயிருந்தது, இன்று சுருங்கியிருந்தது. விடை அதனுள்ளேயே கிடந்தது.

கோடு வரையுங்கால் அயலிலுள்ள முனையைத் தானே பற்றிக்கொள்ளும் வசதியொன்று அம்மென்பொருளில் உண்டு. வழமையான அமைப்பில், ஒரு புள்ளியின் ஆள்கூறுகளைக் கையாற் தட்டெழுதினால் அவ்வசதி விலகிநிற்கும். கோவை வழியாக வரும் புள்ளிக்கு அது விலகாது. படம் சுருங்குகையில் முனைகள் நெருங்குவதால் வேறொரு முனையைப் பற்றிவிடும். மருந்து எளிது. தொடக்கத்தில் ஒஸ்மோட் என்னும் மாறியின் பெறுமானத்தைக் குறித்துவைத்து, அதனை 0 ஆக்கி, முடிவில் மீளவைத்தல் வேண்டும். கோவை இடையில் முறிந்தாலும் மீளவைக்க வழிசெய்தல் வேண்டும். இன்றேல் அடுத்து வருபவர் திகைப்பார்.

1982 இல் வெளிவந்த ஓட்டோகாட்டினுள் 1986 இல் ஓட்டோலிஸ்ப் மொழி இடம்பெற்றது. அம்மொழிக்கும் இலக்கணம் உண்டு. அதில் 1 ஐ 2 ஆல் வகுத்தால் விடை 0, 1.0 என்று எழுதினாலே 0.5 வரும். கோணங்கொண்டு புள்ளி காணும் சார்பு, 90 என்பதைப் பாகையெனக் கொள்ளாது ஆரையனெனவே கொள்ளும். எளிய கட்டளைக் கோப்பிலோ ஒவ்வோர் இடைவெளியும் ஒரு கட்டளையை முடித்துவைக்கும். பலகை என்பதற்கும் பல கை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எம் மாணவர்க்கு இது புதுமையன்று.

அடைப்புக்குறியொன்று குறைந்தாற் கணினி வரையாது நின்று முறையிடும். அது நல்ல பிழை. மேற்கூறியவையோ வாய் திறவா. அத்திவாரம் வெட்டியபின்னரே பேசும். செலவு வீட்டுக்காரனுடையது.

இங்கேதான் எமது கல்விமுறை குறித்து என் கருத்தைச் சொல்ல விரும்புகின்றேன். சரியான விடைக்கே புள்ளி வழங்குகின்றோம். பிழையை அழிப்பான் கொண்டு மறைக்க மாணவனைப் பழக்குகின்றோம். பிறர் எழுதிய கோவையைப் பொருளறியாது பெயர்த்தெழுதுபவனும் அதே புள்ளியைப் பெறுகின்றான். இது மனனஞ்செய்த கட்டுரையின் மறுபிறப்பே. ஒவ்வொரு மாணவனும் பிழையேடொன்று வைத்திருத்தல் வேண்டும்: என்ன நிகழ்ந்தது, எதனை மாற்றினேன், காரணம் யாது என்னும் மூன்றும் அதிற் பதியப்படல் வேண்டும். ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்கும் பொறுமையும் அதனால் வரும். அவ்வேட்டுக்கும் புள்ளி வழங்குவோம்.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குக் கணினிகள் வழங்கிய உங்கள் கொடையை மறவோம். தவணைக்கொருமுறை வந்து, நீங்கள் செய்த பிழைகளையும் அவற்றைக் கண்ட வழியையும் மாணவர்க்குச் சொல்லுங்கள். அக்கொடை அதனினும் பெரிது.