அழுகை மருந்தை உள்ளே இழுப்பதில்லை

"அழட்டும் விடும்மா, அழுதாதான் மருந்து நல்லா உள்ள போகும்."

நெபுலைசர் வைக்கும் இடத்தில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வெளியே வந்த பெற்றோர் எங்கள் பக்கத்தில் குறைவு. திருவதிகையில் கேட்கலாம், பண்ருட்டிக் கிளினிக்குகளில் கேட்கலாம், நெய்வேலி டவுன்ஷிப்பில் படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள் வீட்டிலும் கேட்கலாம். சொல்பவர் ஆயாவாக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம், சில நேரம் டாக்டராகவே இருக்கலாம். அதன்பின் நடப்பது எங்கும் ஒன்றுதான். ஒன்றரை வயதுப் பிள்ளையை மல்லாத்திப் படுக்கவைத்து ஒருவர் காலைப் பிடிப்பார், ஒருவர் கையை, ஒருவர் தலையை. மாஸ்க்கை முகத்தில் அழுத்துவார்கள். பிள்ளை வீறிட்டு அலறும். சுற்றி நிற்பவர்களோ மருந்து வேலை செய்கிறது என்று ஆறுதல் அடைவார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. பாதி உண்மை, பாதி மிகை என்று சமாதானம் சொல்லவும் இதில் இடமில்லை. அழும் குழந்தையின் நுரையீரலுக்குப் போய்ச் சேரும் மருந்து, அமைதியாக மூச்சுவிடும் குழந்தைக்குச் சேர்வதைவிட மிகக் குறைவு. அழவிடுவது மருந்தை வீணாக்கும் வழி. அதையே நல்ல வழி என்று சொல்லிச் சொல்லி, அடக்கிப் பிடிப்பதற்கு நம் மனசாட்சியிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியாத விஷயமில்லை. அழும்போது வாய் பெரிதாகத் திறக்கிறது. பிள்ளை ஏங்கி ஏங்கிக் காற்றை இழுக்கிறது. எதிரே வெள்ளைப் புகை. வாய் வழியாக எல்லாம் உள்ளே போவதுபோல்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு குழந்தையின் அழுகையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அழுகைச் சத்தம் என்பதே வெளியே போகும் மூச்சு. அது நீளமாகப் போகிறது. இரண்டு அலறலுக்கு நடுவில், வெடுக்கென்று, கண நேரம் மட்டுமே மூச்சு உள்ளே வருகிறது. மெஷினோ நிற்காமல் புகையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. குழந்தை மூச்சை வெளியே தள்ளும் நேரமெல்லாம் அந்தப் புகை மாஸ்க்கின் ஓட்டை வழியே அறைக்குள் கலந்துவிடுகிறது.

உள்ளே வரும் அந்தக் கண நேர மூச்சாவது பயன்படுகிறதா? அதுவும் இல்லை. நெபுலைசர் புகை என்பது மிக நுண்ணிய மருந்துத் துளிகள். சுமார் 1 முதல் 5 மைக்ரான் வரை அளவுள்ள துளிகள்தான் சிறு மூச்சுக்குழாய்கள் வரை போகக்கூடியவை. அவை மெதுவாக, காற்றோடு காற்றாக மிதந்து போக வேண்டும். தொண்டையில் மூச்சுப்பாதை வளைகிறது. வளைவில் வேகமாக வரும் முந்திரி மூட்டை லாரி திரும்ப முடியாமல் நேரே போய் மோதுவதுபோல், அழுகையின் நடுவே வெடுக்கென்று இழுக்கப்பட்ட துளிகள் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எச்சிலோடு சேர்ந்து வயிற்றுக்குப் போய்விடும். வீசிங் இருப்பது நெஞ்சில். மருந்து போனது வயிற்றில்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1999இல் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் டிசீஸ் இன் சைல்ட்ஹுட்' என்ற குழந்தை மருத்துவ இதழில் ஐல்ஸ், லிஸ்டர், எட்மண்ட்ஸ் ஆகியோரின் ஆய்வு ஒன்று வந்தது. சோடியம் குரோமோகிளைகேட் என்ற மருந்தைக் கைக்குழந்தைகளுக்கு நெபுலைசரில் கொடுத்து, பிறகு அவர்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் நுட்பம். வயிற்றுக்குப் போனால் அது பெரும்பாலும் உடலில் சேராது. நுரையீரலுக்குப் போனால் ரத்தத்தில் கலந்து, உருமாறாமல் சிறுநீரில் வந்துவிடும். ஆகவே சிறுநீரில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து நுரையீரலுக்கு எவ்வளவு போனது என்று கணிக்கலாம். அழுத குழந்தைகளிடம் அது வெகுவாகக் குறைந்திருந்தது. அமைதியாக இருக்கும் கைக்குழந்தைக்கே, கப்பில் ஊற்றும் மருந்தில் நூற்றுக்குச் சில பங்குதான் நுரையீரலில் சேரும். அந்தக் கொஞ்சத்தையும் அழுகை பறித்துக்கொள்கிறது. இந்த ஆய்வு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் "அழட்டும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதே நம்பிக்கைக்கு ஒரு தங்கை உண்டு. பிள்ளை அழுவதைத் தாங்க முடியாத அம்மா மாஸ்க்கைச் சற்று விலக்கிப் பிடிப்பார். "புகை மூஞ்சில பட்டா போதும்" என்று பக்கத்திலிருப்பவரும் சொல்வார். போதாது. மாஸ்க் ஓரிரு சென்டிமீட்டர் விலகினாலே உள்ளே போகும் மருந்து பெருமளவு குறைந்துவிடும். இப்படி விலக்கிப் பிடிக்கும் வழக்கத்தையே கைவிடச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ப்ரூஸ் ரூபின் 2007இல் எழுதினார். மேலும், இப்ராட்ரோபியம் கலந்த மருந்தாக இருந்து, கசியும் புகை கண்ணில் பட்டால், கண்ணின் பாவை சில மணி நேரம் விரிந்தே இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் அப்படி ஆகி, பிள்ளைக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு.

தூங்கும்போது வைத்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. நெதர்லாந்தில் இதைச் சோதித்தபோது, தூக்கத்தில் முகத்தில் மாஸ்க் வைக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் விழித்துக்கொண்டார்கள். விழித்தவர்களில் பலர் மிரண்டு அழுதார்கள். ஆழ்ந்து தூங்கும் சில பிள்ளைகளுக்கு அது பலிக்கலாம். எல்லா வீட்டுக்கும் அதையே வழியாகச் சொல்ல முடியாது.

ஆக, அம்மாவின் நிலையைப் பாருங்கள். மாஸ்க்கை ஒட்டி வைத்தால் பிள்ளை அழுகிறது, விலக்கினால் மருந்து போவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான்: மாஸ்க் முகத்தில் ஒட்டியிருக்க வேண்டும், பிள்ளை அதை ஏற்றுக்கொண்டும் இருக்க வேண்டும். எனவே பிள்ளையைச் சமாதானப்படுத்துவதைச் செல்லம் கொடுப்பது என்று யாரும் இனி ஏசக் கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேர்வது அதனால்தான்.

"ரெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும், எப்படிச் சொன்னாலும் அழத்தான் செய்யும்" என்பார்கள். பிள்ளைக்கு நிறையத் தெரியும். போனமுறை மூன்று பேர் அமுக்கிப் பிடித்தது தெரியும். அதனால்தான் இந்தமுறை ஆஸ்பத்திரிக் கேட்டிலேயே அழத் தொடங்குகிறது. பயத்தைக் கற்றுக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குப் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கலாம்.

கற்றுக்கொடுக்க வேண்டிய நாள், வீசிங் இல்லாத நாள். பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு காலையில் வெறும் மாஸ்க்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். கடிக்கட்டும், தலையில் கவிழ்த்துக்கொள்ளட்டும். பொம்மைக்குப் போடட்டும், அப்பாவுக்குப் போடட்டும், தாத்தாவுக்குப் போட்டுச் சிரிக்கட்டும். டியூபை யானைத் தும்பிக்கை என்று சொன்னால் பாதிப் பிள்ளைகள் தாமே மூக்கில் வைத்துப் பார்க்கும். மெஷின் சத்தம் தனிப் பூதம். முதலில் அடுத்த அறையில் ஓடவிட்டுக் காட்டுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவாருங்கள். அடியில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டால் அதிர்வும் சத்தமும் குறையும். காற்று இழுக்கும் துளையை மட்டும் துணி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து வைக்கும்போது படுக்கவைக்க வேண்டாம். மடியில், நிமிர்ந்து, பிள்ளையின் முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்க உட்காரவையுங்கள். பின்னாலிருந்து அணைக்கும் கை பிடித்து அடக்கும் கையாகப் பிள்ளைக்குத் தோன்றாது. மூக்கு அடைத்திருந்தால் முன்னதாக உப்புநீர்ச் சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள். இந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியேதான். மாஸ்க்கைப் பிள்ளையின் கையாலேயே பிடிக்கவிட்டு, மேலே உங்கள் கையை வையுங்கள். பாட்டுப் பாடுங்கள், காக்கா நரிக் கதையைப் பத்தாம் முறை சொல்லுங்கள். செல்போனில் வீடியோ காட்டுவதைப் பற்றி வேறு இடத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தாராளமாகக் காட்டுங்கள் என்றே சொல்வேன்.

நடுவில் அழுதால்? மெஷினை நிறுத்துங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். நிறுத்தினால் கப்பில் இருக்கும் மருந்து எங்கும் போய்விடாது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி, தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அழுகையோடு ஓடும் பத்து நிமிடத்தைவிட, விட்டு விட்டு அமைதியாக ஓடும் பத்து நிமிடம் எவ்வளவோ மேல்.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. விலா உள்வாங்கி, உதடு நீலம் பாய்ந்து, பால் குடிக்க முடியாமல், சோர்ந்து துவண்டு வரும் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. 108ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே அழுதாலும் மாஸ்க்கை ஒட்டிப் பிடித்து மருந்து கொடுக்கத்தான் வேண்டும். கொஞ்சம் போனாலும் அந்தக் கொஞ்சம் தேவை. ஆனால் அங்கும் அழுகை உதவுவதாகச் சொல்வது பொய். திணறும் குழந்தையை அழுகை மேலும் களைக்கவைக்கிறது. அங்கே அழுகையை மீறி வைத்தியம் நடக்கிறது, அழுகையால் நடப்பதில்லை.

அழட்டும் என்ற நம்பிக்கையின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கசந்தால்தான் மருந்து, வலித்தால்தான் வைத்தியம் என்று நமக்குள் ஒரு நினைப்பு ஊறியிருக்கிறது. திருவதிகைக்காரர்களுக்கு அந்த நினைப்பு ஆகவே ஆகாது. இந்த ஊரின் பெருங்கதை ஒரு நோயாளியின் கதை. சூலை நோயால் துடித்த மருணீக்கியார் (பின்னாளைய அப்பர்), ஊரறியாத இரவில் இங்கே தன் அக்கா திலகவதியாரைத் தேடி வந்து காலில் விழுகிறார். அக்காவை விட்டுப் பிற சமயம் போன தம்பி அவர். 'பட்டால்தான் புத்தி வரும்' என்று அக்கா அவரைத் துடிக்கவிடவில்லை என்றுதான் சேக்கிழார் பாடுகிறார். எழச் சொன்னார், திருநீறு தந்தார், வீரட்டானக் கோயிலுக்கு அழைத்துப்போனார். பக்தி உள்ளவர்களும் இல்லாதவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த இந்தக் கதையில் மருந்துக்கு முன் ஆதரவு வருகிறது. கெடிலக்கரையில் இருந்துகொண்டு நாம் பிள்ளைகளை அமுக்கிப் பிடிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல குழந்தைகளுக்கு அந்த மெஷினே தேவைப்படுவதில்லை. பெரிய மெஷின், பெரிய சத்தம், நிறையப் புகை, ஆகவே பலமான மருந்து என்று எண்ணுகிறோம். ஆனால் ஒரு சின்ன டப்பாவே போதும். 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா உள்ள அவருடைய 13 வயது மகள் சூசி, தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து, மருந்தை அளந்து தரும் முதல் இன்ஹேலர் 1956இல் விற்பனைக்கு வந்தது. அந்த இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற குடுவையையும் சின்ன மாஸ்க்கையும் இணைத்துவிட்டால் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு, அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் தொகுப்பு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற ஆஸ்துமாத் தாக்குதலில் ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று சொல்கிறது. அவசரப் பிரிவில் குழந்தைகள் இருக்க வேண்டிய நேரம்கூட ஸ்பேசரால் சராசரி அரை மணி நேரம் குறைந்தது.

இன்ஹேலர் என்றதும் "பழகிடும், அப்புறம் விட முடியாது" என்ற குரல் வரும். அதே வீட்டில் வீசிங்குக்கான சால்பியூட்டமால் சிரப் தாராளமாகப் போகும். 5 மில்லி சிரப்பில் 2 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. உடம்பு முழுக்கச் சுற்றிக் கையை நடுங்கவைக்கும் சிரப்புக்குப் பயமில்லை, நெஞ்சுக்கு நேராகப் போகும் சிறு அளவுக்குப் பயம். பிள்ளைக்கு மறுபடி மறுபடி வீசிங் வருவது நோயின் இயல்பு. அதற்கு இன்ஹேலரின் மேல் பழி போடுவது அநியாயம்.

நர்ஸ்களைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. மார்கழிப் பனிக்காலத்து மாலையில் வரிசையில் இருபது பிள்ளைகள் காத்திருக்க, ஒருவரே எல்லோருக்கும் மருந்து வைக்கிறார். ஆனால் அழுகையில் வீணான மருந்தை மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது. அதிலும் சரியாகாத பிள்ளை கடலூர் ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறது. மிச்சமானதாக நினைத்த நேரம் அங்கே இரட்டிப்பாகச் செலவாகிறது.

பண்ருட்டியிலோ நெய்வேலியிலோ நெபுலைசர் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும், பிள்ளையை மடியில் வைத்து அம்மா உட்காரக் கைப்பிடியுள்ள ஒரு நாற்காலி வேண்டும். சரியான அளவில் குழந்தை மாஸ்க் வேண்டும். பெரியவர்கள் மாஸ்க்கைப் பிஞ்சு முகத்தில் கவிழ்ப்பது நிற்க வேண்டும். முதல்முறை வரும் பிள்ளையிடம் மாஸ்க்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். பெற்றோர் இதற்கெல்லாம் காத்திருக்கவும் வேண்டாம். அடுத்தமுறை யாராவது "அழட்டும் விடும்மா" என்றால், "மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க சிஸ்டர், மடியில வெச்சுச் சமாதானப்படுத்திட்டு ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லுங்கள். டாக்டரிடம், "என் புள்ளைக்கு ஸ்பேசர் போதுமா சார்?" என்று கேளுங்கள்.