யூத வெறுப்பு அல்ல, ஆக்கிரமிப்பு எதிர்ப்பு!

பாலஸ்தீன மக்களுக்காக எவர் குரல் எழுப்பினாலும் அதற்கு 'யூத வெறுப்பு' என்று முத்திரை குத்துவது இஸ்ரேல் ஆட்சியாளர்களின் வாடிக்கை. இங்குள்ள சங் பரிவாரமும் அதே பல்லவியைப் பாடுகிறது. வரலாறோ வேறு சாட்சியம் கூறுகிறது.

பள்ளுருத்தியை அடுத்த மட்டாஞ்சேரியில், அரண்மனைக் கோயிலை ஒட்டி, கொச்சி அரசர் அளித்த நிலத்தில் 1568இல் எழுந்தது பரதேசி யூதர் தொழுகைக்கூடம். அதற்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் என ஒதுக்கப்பட்டோர் அங்கே இருக்கைகளில் அமர இயலாது. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி.சேலம் சத்தியாக்கிரகத்தையே ஆயுதமாக்கி அத்தீண்டாமையை எதிர்த்தார். எனினும், 1933இல் பாலஸ்தீனம் சென்று திரும்பியபின் அவர் சியோனிச ஆதரவாளரானார். 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களைத் துரத்தியது கேரள மண்ணின் வெறுப்பு அன்று. அத்தகைய வெறுப்பு இங்கே இருந்ததில்லை.

உலக யூதர் அனைவரும் இவ்வழியில் சென்றாரில்லை. சியோனிச மாநாடு பாசல் நகரில் கூடிய அதே 1897இல், வில்னாவில் யூதத் தொழிலாளர்களின் 'பந்த்' அமைப்பு தோன்றியது. விடுதலை என்பது வாழும் மண்ணிலேயே, பிற தொழிலாளரோடு தோளிணைந்து போராடிப் பெறவேண்டியது என்பதே அதன் நிலைப்பாடு.

இடதுசாரிகளின் பாதையும் நேர்க்கோடாக அமைந்துவிடவில்லை. 1947இல் சோவியத் யூனியன் பாலஸ்தீனப் பிரிவினையை ஆதரித்தது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. சியோனிசம் குறித்த கருத்து வேறுபாட்டால் 1965இல் இஸ்ரேலிய கம்யூனிஸ்ட் கட்சியே பிளவுண்டது. ஆயினும், 1956இல் கஃபர் காசிம் கிராமத்தில் 49 அராபியர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, தணிக்கையை மீறி உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர்களான தவ்ஃபீக் தூபியும் மெயிர் வில்னரும். ஒருவர் அராபியர், மற்றவர் யூதர். நாஜிகளின் கொடுமையால் குடும்பத்தோடு அகதியான ஃபெலிசியா லாங்கர், 1967க்குப் பின் பாலஸ்தீனக் கைதிகளுக்காக இஸ்ரேலிய ராணுவ நீதிமன்றங்களில் வாதாடினார். தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கை ஆதரித்ததற்காக, யூதரான ஓஃபர் காசிஃபின் பதவியைப் பறிக்க 2024இல் முயற்சி நடந்தது. தேவைப்பட்ட 90 வாக்குகளுள் 85 மட்டுமே கிடைத்ததால் அது தோற்றது.

இவர்கள் யூத வெறுப்பாளர்களா? ஆக்கிரமிப்பை எதிர்ப்பது ஓர் இனத்தையோ மதத்தையோ வெறுப்பது ஆகாது. அதேபோல், இஸ்ரேலை எதிர்ப்பதாகக் கூறி யூதரை இழிவுபடுத்தும் பேச்சும் பாலஸ்தீனத்திற்கு உதவாது. ஆக்கிரமிப்பாளர் கையிலேயே அது ஆயுதமாகும். 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்த இந்தியா, இன்று இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்கும் நாடுகளின் முன்வரிசையில் நிற்பது நம் விடுதலைப் போராட்ட மரபுக்கு இழுக்கு. அக்கொள்முதலை நிறுத்தக் கோரி மக்களைத் திரட்டுவது நம் உடனடிக் கடமை.