சைலன்ட் ஹில் 2-ல பேயே வரலையாம்!

பொங்கல் லீவுக்கு அக்கா பையன் ராசிபுரம் வந்திருந்தான். திருச்செங்கோடு பக்கம் இன்ஜினியரிங் மூணாவது வருசம். லேப்டாப்பைத் திறந்து வெச்சு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு சைலன்ட் ஹில் 2 விளையாட உக்காந்தான். 2024 அக்டோபர்ல புதுசா செஞ்சு விட்டாங்களே, அது. நான் பக்கத்துல நிலக்கடலை உரிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஹெட்போனைக் கழட்டினவன், "என்னங்க மாமா, ஆஹா ஓஹோன்னு சொன்னீங்க. பேயே வரலைங்க. ஒரு ஆளு பனிக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கான். செம மொக்கைங்க"ன்னு சொல்லிட்டு கடலையில பாதியைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்.

கோபம் வரல. ஏன்னா 2005-ல நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அப்ப பழைய ஒரிஜினல். டிவிடி எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் யாரும் கேக்கப்படாது, ஹி ஹி. நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கற நண்பனும் நானும் சேர்ந்து உக்காந்தோம். முக்கால் மணி நேரத்துல அவன் தூங்கிட்டான். நான் அந்த அடுக்குமாடி வீடு வரைக்கும் போயி, சாவி தேடித் தேடி அலுத்துப்போய் மூடி வெச்சுட்டேன். எட்டு வருசம் தொடவே இல்ல.

ஆகவே இந்தப் பதிவு மாப்ளைக்குப் பதில் மட்டும் இல்ல.

(கதையை முடிவு வரைக்கும் போட்டு உடைக்கப் போறேன். 2001-ல வந்த விளையாட்டுதான், ஆனாலும் இனிமேத்தான் விளையாடணும்னு வெச்சிருக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆயிடுங்க.)

கதை சின்னது. ஜேம்ஸ்னு ஒரு ஆளு. மனைவி மேரி மூணு வருசத்துக்கு முன்னாடி நோய்ல செத்துட்டாங்க. இப்ப அந்த மேரிகிட்டேர்ந்து ஒரு கடுதாசி வருது. சைலன்ட் ஹில்ங்கற ஊர்ல, நம்ம இடத்துல உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு. செத்தவங்க கடுதாசி போட மாட்டாங்கன்னு அவனுக்கும் தெரியும். ஆனாலும் காரை எடுத்துக்கிட்டு வந்துடறான். அங்கேருந்து விளையாட்டு ஆரம்பிக்குது. ஊருக்குள்ள இறங்க ஒரு காட்டுப் பாதை. அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகும். ஒரு சண்டை கிடையாது, ஒரு பொருள் கிடைக்காது. பின்னாடி யாரோ நடக்கற மாதிரி மட்டும் இருக்கும். மாப்ளை கொட்டாவி விட்டது இங்கதான்.

எனக்கு இப்ப அந்தப் பாதைதான் ரொம்பப் பிடிச்ச இடம். திரும்பிப் போறதுக்கு நமக்குக் குடுக்கற அவகாசம் அது.

அந்தப் பனிக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1999-ல முதல் சைலன்ட் ஹில் வந்தப்ப, முதல் பிளேஸ்டேஷனுக்கு ஒரு முழு ஊரைத் தூரம் வரைக்கும் வரைஞ்சு காட்டற சக்தி கிடையாது. கொஞ்ச தூரத்துக்கு அப்பால எல்லாத்தையும் பனி போட்டு மறைச்சுட்டாங்க. மெஷினோட இயலாமைதான் இந்த வரிசைக்கே அடையாளம் ஆச்சு. ஏற்காடு மலையில மார்கழி மாசம் வண்டி ஓட்டினவங்களுக்கு இது புரியும். இருபது கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கிட்டா முன்னாடி பத்தடி தெரியாது. அந்த நேரத்துல நாம பயப்படறது பேய்க்கு இல்ல, வளைவுக்கு அந்தப் பக்கம் வந்துக்கிட்டிருக்கற பஸ்ஸுக்கு. வரும்னு தெரியும், எப்பன்னு தெரியாது. ஜேம்ஸ் பாக்கெட்ல ஒரு சின்ன ரேடியோ இருக்கும். ஏதாவது பக்கத்துல வந்தா கரகரன்னு இரையும். பஸ்ஸோட ஹாரன் மாதிரின்னு வெச்சுக்குங்க. எந்தப் பக்கம்னு சொல்லாத ஹாரன்.

"இவன் கட்டையப் புடிக்கற லட்சணத்தப் பாருடா"ன்னு பட்டறை நண்பன் அன்னைக்குச் சிரிச்சான். நியாயந்தான். ஜேம்ஸ் அடிக்கறது பாம்பைக் கண்ட குமாஸ்தா அடிக்கற மாதிரி இருக்கும். கேமரா நமக்கு வேண்டிய பக்கம் திரும்பாது. இது குறைன்னு எழுதாத விமர்சகர் கம்மி. எனக்கு அது உறுத்தல. அவன் ராணுவ வீரன் இல்லையே, சாதாரணப்பட்டவன். சாதாரணப்பட்டவனுக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.

விளையாட்டுல அந்த ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி உண்டு. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மேட்டூர்தான் ஞாபகம் வரும். 1934-ல அணை கட்டி முடிச்சு 120 அடிக்குத் தண்ணி தேக்கினப்ப, உள்ளே இருந்த ஊர்களெல்லாம் முழுகிப்போச்சு. சனங்க மூட்டை கட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிட்டாங்க. கோயிலும் சர்ச்சும் அங்கேயே நின்னுடுச்சு. தண்ணி நல்லா வத்தற வருசத்துல பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய வரும். ஒரு கோடையில பைக்ல போய்ப் பாத்தேன். வெடிச்ச வண்டல்ல நந்தி உக்காந்திருந்தது. யாரோ பூ வெச்சிருந்தாங்க. பக்கத்துல பசங்க செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு என்னமோ வயித்தைக் கலக்கிச்சு. நீருக்கடியில இத்தனை வருசமா அது அங்கேயேதான் இருந்திருக்கு, நாமதான் மேல பரிசல்ல போய்க்கிட்டிருந்தோம்னு ஒரு நினைப்பு.

ஜேம்ஸ் கதையும் அதேதான். ஊர்ல லாரான்னு ஒரு எட்டு வயசுப் பொண்ணு சுத்திக்கிட்டிருக்கும். மேரியைப் போன வருசந்தான் ஆஸ்பத்திரியில பாத்தேன்னு அது சொல்லும். செத்து மூணு வருசம் ஆச்சே, எப்படி? ஜேம்ஸ் நம்ப மாட்டான். நாமும்தான். நம்ம பையில இருக்கற மேரியோட கடுதாசியை அப்பப்ப எடுத்துப் பாத்தீங்கன்னா, கதை போகப் போக எழுத்து அழிஞ்சுபோகும். அப்புறம் தாளே இருக்காது. கடைசியில ஏரிக்கரை ஓட்டல்ல, 312-ம் நம்பர் ரூம்ல ஒரு வீடியோ கேசட்டைப் போட்டுப் பாக்கறான். கட்டில்ல நோயாளி மனைவி. தலையணையை முகத்துல வெச்சு அமுக்கிக் கொன்னது அவனேதான். மூணு வருசத்துக்கு முன்னாடி வந்தது நோய். சாவு இப்பத்தான்.

இதை நான் பாத்தது 2013-ல.

2010-ல எங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுசாப் போச்சு, பேச்சும் போச்சு. ரெண்டரை வருசம் படுக்கை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வெக்கணும், இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துரும். நானும் வீட்டம்மாவும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டோம். 2012-ல நம்ம பக்கம் கரண்ட் போன லட்சணம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு ஃபேன் நின்னதும் அம்மா முனக ஆரம்பிப்பாங்க. விசிறியை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காருவேன். வந்து பாத்த சொந்தக்காரங்க எல்லாம் "பையன்னா இப்படி இருக்கணும்"னு மெச்சிட்டுப் போனாங்க.

அப்படி ஒரு ராத்திரி, கை கடுக்க விசிறிக்கிட்டிருந்தப்ப, இது எப்பத்தான் முடியும்னு நினைச்சேன். அம்மா படற கஷ்டத்துக்காக நினைச்சேன்னு அடுத்த நிமிசமே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பாதிதான் உண்மை.

அதை இதுவரைக்கும் எழுதினதில்ல. யார்கிட்டயும் சொன்னதும் இல்ல.

அம்மா போய் நாலஞ்சு மாசம் கழிச்சு, தூக்கம் வராத ஒரு நாள்ல பழைய டிவிடியைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை நிறுத்தல. அந்த வீடியோ ஓடி முடிஞ்சதும் கம்ப்யூட்டரை அணைச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். மூணு நாள் அந்தப் பக்கமே போகல. பிரமிட் வடிவத்துல இரும்பை மாட்டிக்கிட்டு வர்றானே, அவனுக்கு வராத பயம் ஒரு தலையணைக்கு வந்துச்சு. ஜேம்ஸ் கடைசியில சொல்லுவான், அவ கஷ்டத்தைப் பாக்க முடியலைங்கறது முழுசா உண்மை இல்ல, என் வாழ்க்கை எனக்குத் திரும்ப வேணும்னு இருந்தது, உன்னை வெறுத்தேன்னு. அவன் செஞ்சதை நான் செய்யல. ஆனா அவன் எந்த வாசல்ல நின்னான்னு எனக்குத் தெரியும்.

இனிமே சொல்றதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். இந்த விளையாட்டுக்குப் பல முடிவு உண்டு. எது வேணும்னு எந்த இடத்துலயும் நம்மகிட்ட கேக்காது. நாம நடந்துக்கறதை வெச்சு அதுவே முடிவு பண்ணிக்கும். காயத்துக்கு மருந்து குடிக்காமலே திரியறோமா, ஒரு பொண்ணு குடுத்த கத்தியை எடுத்து எடுத்துப் பாக்கறோமா, இவனுக்கு வாழ ஆசை இல்லன்னு எழுதிக்கும். ஏரிக்குள்ள முடியற முடிவு அப்படி வர்றது. மேரி போட்டோவையும் கடுதாசியையும் எடுத்துப் பாத்தா அது வேற கணக்கு.

எனக்கு வந்தது மரியா முடிவு. மரியான்னா மேரியை அச்சா உரிச்ச மாதிரி, ஆனா நல்ல தெம்போட ஒருத்தி நடுவுல கூட வருவா. ஆஸ்பத்திரியில முடியலைன்னு அவ ஒரு ரூம்ல படுத்துக்க, லாராவைத் தேடி நாம வெளிய போகணும். திரும்ப அந்த ரூமுக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல. நான் நாலஞ்சு தடவை போனேன். கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு வருவேன், அவ்வளவுதான். பழக்கம். அதையும் கணக்குல எடுத்துக்குதுன்னு பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முடிவுல ஜேம்ஸ் மரியாவைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டுக் கிளம்பறான். கார்கிட்டப் போறப்ப அவ இருமறா.

அந்த இருமல் எனக்குக் கேட்ட மாதிரி வேற யாருக்கும் கேட்டிருக்காது.

அதனாலதான் யூட்யூப்ல பாத்துட்டு "நானும் சைலன்ட் ஹில் முடிச்சுட்டேன்"னு சொல்றவங்களை நான் ஒத்துக்கறதில்ல. மூலையில ஒரு சதுரத்துல ஒருத்தர் ஐயோ அம்மான்னு கத்திக்கிட்டிருக்க, கதையைத் தெரிஞ்சுக்கலாம், சரி. ஆனா அந்த ரூம் கதவை எத்தனை தடவை திறந்தோம்ங்கறது நம்ம கை செய்யற காரியம். அடுத்தவன் திறந்தா அது அவன் கணக்கு.

புதுசு எப்படின்னு கேப்பீங்க. செஞ்சது போலந்துக்காரங்க, ப்ளூபர் டீம். அவங்க கைவெச்சுக் கெடுத்துருவாங்கன்னு பயந்துக்கிட்டே வாங்கினேன். கெடுக்கல. பனி கண்கொள்ளாக் காட்சி. கேமரா தோளுக்குப் பின்னாடி வந்துருச்சு. அகிரா யமவோகாவோட இசை அப்படியே உயிரோட இருக்கு. ஆனா நீளம் பழசைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு, சண்டையும் ஏகத்துக்கு. பதினாறாவது நர்ஸை அடிக்கும்போது பயம் போயி ஆணி புடுங்கற அலுப்பு வந்துருது. புது ஜேம்ஸ் கட்டையை ஒழுங்காப் புடிக்கறது வேற எனக்கு ஏமாற்றம் :-)

விளையாட்டு மேல எனக்கு ஒரு குறை உண்டு, ரெண்டு வடிவத்துலயும். கடைசியில மேரியோட முழுக் கடுதாசியும் படிக்கப்படும். அதுல அவ ஜேம்ஸ்கிட்ட மன்னிப்புக் கேப்பா, உன் வாழ்க்கையைப் பாருன்னு சொல்லுவா. கேக்கறப்ப தொண்டை அடைக்கும். ஆனா அது ஜேம்ஸுக்குக் கிடைச்ச சலுகை. எங்கம்மாவுக்குப் பேச்சு இல்ல. இடது கையால என் கையை அழுத்துவாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

மாப்ளைக்கு வர்றேன். லாரான்னு சொன்னேனே, அந்த ஊர்ல எந்தக் கோர உருவமும் அவ கண்ணுல படாது. ஜேம்ஸ் உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடற அதே தெருவுல அது பாட்டுக்குக் குதிச்சுக்கிட்டுப் போகும். பேயே வரலைன்னு மாப்ளை சொன்னப்ப எனக்கு அந்தப் பொண்ணுதான் ஞாபகத்துக்கு வந்தா. அவனுக்கு வயசு இருபது. வராததே நல்லது.

ஆனா பையன் விடல போலிருக்கு. போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணினான். குசுகுசுன்னு பேசறான், ரூம்மேட் தூங்கறானாம்.

"மாமா, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேங்க. அந்த மரியா முடியலைன்னு படுத்துருச்சு. அப்படியே விட்டுட்டுப் போறதுங்களா, திரும்பிப் போய்ப் பாக்கறதுங்களா?"

"உன் இஷ்டம் மாப்ள"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் விசைப்பலகை தட்டற சத்தம். பின்னாடியே ஒரு கதவு திறக்கற சத்தம்.

பி.கு.: உங்களுக்கு எந்த முடிவு வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நாய் முடிவுன்னு மட்டும் யாராவது சொன்னீங்க, பிச்சுப்புடுவேன்.