ஏழு வரைக்கும் எண்ண வேண்டாம்

கிரேட் சோதினைக்குப் பியானோ பழகுற எங்களில கனபேருக்கு ஒரு வருசம் எண்டால் மூண்டு பீஸ். கொஞ்சம் ஸ்கேல்ஸ், பிறகு சேர்ட்டிபிக்கற். பட்டியலில ஒரு நவீன பீஸ் வந்தால், "உது பிழையா வாசிக்கிற மாதிரிக் கேக்குது" எண்டு தள்ளி வைச்சிட்டு, காதுக்குப் பழகின ஒண்டைத் தேடுவம். தள்ளி வைக்கிற அந்த பீஸைத்தான் எடுத்துப் பழகவேணும், அதுவும் சோதினைக்காக இல்லாமல் பழகவேணும் எண்டதுதான் எங்கட கருத்து.

ஒரு உதாரணம் சொல்லுறம். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் 1926 தொடக்கம் 1939 வரை எழுதின 'மிக்ரோகொஸ்மொஸ்' என்ற தொகுப்பில 153 பீஸ்கள், ஆறு தொகுதிகள். முதலாந் தொகுதி புதுசாப் பழக வந்த பிள்ளைக்கு. ஆறாவது மேடைக் கலைஞருக்கு. நடுவில, நாலாந் தொகுதியில, 113ஆவதாக இருக்கிறது 'பல்கேரியத் தாளம்'. சில வருசம் ஒழுங்காப் பழகின விரலுக்கு அது எட்டாத உயரமில்லை. சிக்கல் தாளத்தில. 7/8, அதுவும் 2+2+3.

ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு ஏழு வரைக்கும் எண்ணத் தொடங்கினால், வேகம் கூடேக்க நாக்குச் சிக்கும். இல்லாட்டில் கை தானாக இன்னொரு தட்டைக் கூட்டி எட்டாக்கிப்போடும். அதுவரைக்கும் வாசிச்சது முழுக்க ரெண்டிலயும் மூண்டிலயும் நாலிலயும்தானே. பல்கேரியாவில 'ரச்செனிட்சா' என்ற ஆட்டமும் இதே 2+2+3தான். அதை ஆடுற ஊர்ச்சனம் ஏழு எண்ணுறதில்லை. ரெண்டு சின்ன அடி, ஒரு நீட்டு அடி. அவ்வளவுதான்.

யோசிச்சுப் பார்த்தால் ஏழு எங்களுக்கும் அந்நியமில்லை. மிருதங்கமோ பாட்டோ பழகினவைக்கு மிஸ்ர சாபு தெரியும்: தகிட தகதிமி, 3+4. அதைத் திருப்பினால் 4+3. சியாமா சாஸ்திரி கையாண்ட விலோம சாபு அது. பார்ட்டோக்கின்ர 2+2+3க்குக் கிட்டின சொந்தம் அதுதான். ஆகவே பியானோவைத் திறக்க முதல் "தக தக தகிட" எண்டு சொல்லி, ஒவ்வொரு சொல்லின்ர தொடக்கத்திலயும் கை தட்டுங்கோ. மூண்டே மூண்டு தட்டு, கடைசி மட்டும் நீளம். அது உடம்பில ஏறினபிறகு இடக்கை தனிய, வலக்கை தனிய, பிறகு ரெண்டும் சேர்த்து. வேகத்தைக் கடைசியாக யோசிக்கலாம்.

பார்ட்டோக்குக்குக் கர்நாடக சாயம் பூசுறது எங்கட நோக்கமில்லை. அவர் ஊரூராகப் போய், கிராமத்துப் பாட்டுகளை ஃபோனோகிராஃபில பதிஞ்சு, கச்சேரி மண்டபத்து இசைக்குக் குடுக்கிற அதே மரியாதையை அதுக்கும் குடுத்துப் படிச்சவர். எங்களுக்கோ கோயில் வீதியில கேட்ட தவிலும் பியானோ வகுப்பும் ரெண்டு உலகம். வகுப்புக்குப் போகேக்க ஒரு காதைச் செருப்போட சேர்த்து வாசலில கழட்டி வைச்சிட்டுத்தான் போறம். இப்பிடி ஒரு பீஸ் அந்தக் காதையும் உள்ளுக்குக் கூப்பிடுது.

"சோதினை கிட்டுது, நேரம் எங்க?" எண்டு கேட்பியள். நியாயம்தான். சேர்ட்டிபிக்கற்றுக்குப் பெறுமதி இல்லை எண்டும் சொல்ல வரேல்ல. படிப்பிக்க விரும்புறவைக்கு அது தேவை. ஆனால் கடைசிக் கிரேட் முடிஞ்ச கையோட மூடின பியானோக்கள் எத்தினை, மேல படமும் பூச்சாடியும் வைச்சபடி! யாரும் புள்ளி போடாத ஒரு பீஸைத் தாங்களாகத் தேடிப் பழகின ஆக்களுக்கு, சோதினை முடிஞ்சாலும் அடுத்ததைத் தேடத் தெரியும்.

இது சின்னப் பீஸ். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் ஒதுக்கினால் காணும். வாற லீவுக்குள்ள தொடங்குங்கோ. முதல் கிழமைக்குப் பியானோவே தேவையில்லை, ரெண்டு கை போதும்.